சார்ஜ் இருந்தும் ரீஸ்டார்ட் ஆவது ஏன்? பேட்டரியோடு சூப்பர் கேப்பாசிட்டர் சேர்ப்பது பற்றி

“அண்ணா, பேட்டரில சார்ஜ் நல்லா இருக்கு, மீட்டர்ல 3.9 வோல்ட் காட்டுது, ஆனா எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னா மட்டும் மாட்யூல் ரீஸ்டார்ட் ஆகுது.”

இன்ஜினியரிங் கல்லூரிகளில் புராஜெக்ட் சீசன் தொடங்கிவிட்டால் இந்தக் கேள்வி எனக்கு வராமல் இருக்காது. கேட்கும் ஆள் மாறுவார், புராஜெக்ட் தலைப்பு மாறும் (தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் எஸ்எம்எஸ், வண்டி திருடு போனால் எஸ்எம்எஸ், தாத்தா கீழே விழுந்தால் எஸ்எம்எஸ்), உள்ளே இருப்பது மட்டும் மாறாது. தபால்தலை அளவில் சிவப்பாக, சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு சிம்800எல் போர்டு (மாட்யூல் என்பது இதைத்தான்), பழைய லேப்டாப் பேட்டரியைப் பிரித்து எடுத்த 18650 என்ற உருளை லித்தியம் செல் ஒன்று, நீல நிற டிபி4056 சார்ஜர் போர்டு, எல்லாவற்றையும் இணைக்க முடி கனத்தில் ஜம்பர் ஒயர்கள். ஜியோவில் 2ஜி கிடையாது என்பதால் ஏர்டெல் சிம்.

கேட்பவர்கள் ஒரு முடிவோடுதான் வருகிறார்கள்: பேட்டரி பத்தவில்லை, இன்னும் அதிக எம்ஏஎச் உள்ளதாக வாங்க வேண்டும். வாங்காதீர்கள் என்பதுதான் என் முதல் பதில். பெரும்பாலும் எம்ஏஎச்சுக்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது.

சிம்800எல் பேசுவது 2ஜி. 2ஜியில் ஒரு அலைவரிசையை எட்டுப் பேர் நேரத்தால் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். 4.615 மில்லி விநாடி ஒரு சுற்று, அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 0.577 மில்லி விநாடி, நம்முடைய முறை. அந்தச் சின்ன இடைவெளியில் மாட்யூல் முழுச் சக்தியோடு கத்த வேண்டும், டவர் தூரத்தில் இருந்தால் அப்போது 2 ஆம்பியர் வரை இழுக்கும். அப்புறம் அடுத்த சுற்று வரும்வரை ஏறக்குறைய சும்மா. விநாடிக்கு 217 முறை இப்படி. பழைய நோக்கியாவை டிவிக்கோ ஸ்பீக்கருக்கோ பக்கத்தில் வைத்திருந்தவர்களுக்கு இது தெரிந்த சத்தம்தான். போன் மணி அடிப்பதற்கு முன்பே ஸ்பீக்கர் “டிட்டிட்டிட் டிட்டிட்டிட்” என்று சொல்லிவிடுமே, அது இந்த 217தான்.

இப்போது அந்த 18650 செல்லுக்கு வாருங்கள். பிளஸ் டூ இயற்பியலில் அகமின்தடை, அதாவது செல் தனக்குள்ளேயே கரண்ட்டுக்குக் காட்டும் தடை, என்று ஒன்று படித்து, இரண்டு மார்க் வாங்கி, அதோடு மறந்துவிட்டோம். புது செல்லில் அது 0.05 ஓம் அளவில் இருக்கும். லேப்டாப்பில் நாலைந்து வருஷம் வெந்து வெளியே வந்த செல்லில் 0.15 ஓம், அதற்கு மேலும் இருக்கலாம். டிபி4056 போர்டில் இருக்கும் பாதுகாப்பு மாஸ்ஃபெட்கள் (எலக்ட்ரானிக் சுவிட்சுகள்) தம் பங்குக்கு 0.05. ஜம்பர் ஒயரும், அதன் பின் போய்ச் செருகும் ப்ரெட்போர்டும் (சால்டர் செய்யாமல் இணைக்க உதவும் துளைப் பலகை) சேர்ந்து இன்னொரு 0.1. மொத்தம் 0.3 ஓம் என்று வையுங்கள். 2 ஆம்பியர் ஓடினால் 0.6 வோல்ட் வழியிலேயே காலி. 3.9-ல் 0.6 போனால் 3.3. சிம்800எல்லுக்குக் குறைந்தபட்சம் 3.4 வேண்டும் என்று அதன் டேட்டாஷீட் சொல்கிறது. கதை முடிந்தது, மாட்யூல் அணைந்து திரும்ப எழும்.

மீட்டர் ஏன் இதைக் காட்டவில்லை என்றால், சாதாரண மல்டிமீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும், அதுவும் சராசரி எடுத்து. அரை மில்லி விநாடிப் பள்ளம் அதன் கண்ணில் படாது. ஆசிலாஸ்கோப்பை (வோல்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் கோடாகக் காட்டும் கருவி) மாட்யூலின் பவர் பின்னிலேயே வைத்துப் பாருங்கள் (பேட்டரி முனையில் வைத்தால் ஒயரில் போவது தெரியாது). 3.9-ல் நேராக ஓடிக்கொண்டிருக்கும் கோட்டில், எஸ்எம்எஸ் கிளம்பும் நேரத்தில், 4.6 மில்லி விநாடிக்கு ஒன்றாகக் கீழ்நோக்கி வெட்டுகள் விழும். ஒவ்வொரு வெட்டின் அடியும் தட்டையாக இருக்கும், அந்த அடி எந்த வோல்டேஜில் நிற்கிறது என்பதுதான் உங்கள் பிரச்சினையின் முழு முகவரி. ஸ்கோப் இல்லாதவர்கள் கல்லூரி லேபில் கெஞ்சிக் கேட்டு ஒரு மணி நேரம் வாங்கிக்கொள்ளலாம், அந்த ஒரு மணி நேரம் புதுப் பேட்டரிக்குப் போடும் காசைவிட உபயோகமானது.

இது ஏதோ கத்துக்குட்டிகளின் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். ஆப்பிள் 2017-ல் மாட்டிக்கொண்டது இதே விஷயத்தில்தான். ஐபோன் 6, 6எஸ் வகைகளில் பேட்டரி பழசானதும் சார்ஜ் மீதம் இருக்கும்போதே போன் திடீரென்று அணைந்தது. சார்ஜ் இருக்கிறது, ஆனால் ப்ராசசர் ஒரு நொடி வேகமெடுக்கும்போது கேட்கும் கரண்ட்டைப் பழைய செல் தள்ளும்போது வோல்டேஜ் விழுகிறது. அவர்கள் கண்டுபிடித்த வழி, ஐஓஎஸ் 10.2.1-ல் சத்தமில்லாமல் ப்ராசசரின் உச்ச வேகத்தைக் குறைத்தது. டிசம்பர் 2017-ல் அது வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக இறக்கினார்கள். உலகம் முழுக்க “போனை வேண்டுமென்றே மெதுவாக்கினார்கள்” என்று பேசியது, எனக்கு என்னவோ அதில் சுவாரசியமானது அகமின்தடைதான். சுமையைக் குறைத்து உச்சத்தை வெட்டினார்கள். சூப்பர் கேப்பாசிட்டர்காரர்கள் அதே உச்சத்தை வேறு ஒருவர் தலையில் கட்டுகிறார்கள்.

அந்த வேறு ஒருவர் யார் என்று பார்ப்போம். கேப்பாசிட்டர் என்பது மின்னூட்டத்தைப் பிடித்து வைத்துக் கொடுக்கும் பாகம். சாதாரண கேப்பாசிட்டரில் இரண்டு உலோகத் தகடுகளும் நடுவில் ஒரு காப்புப் படலமும் இருக்கும். சூப்பர் கேப்பாசிட்டரில் தகட்டுக்குப் பதில் ஆக்டிவேட்டட் கார்பன், அதாவது நுண்துளைகள் நிறைந்த கரி. ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பு மடிந்து கிடக்கிறது. அந்தப் பரப்பு முழுக்க எலக்ட்ரோலைட்டின் (உள்ளே இருக்கும் மின்பகு கரைசலின்) அயனிகள் போய் ஒட்டிக்கொள்கின்றன, கரிக்கும் அயனிக்கும் நடுவில் இடைவெளி ஒரு நானோமீட்டர் கணக்கில். பரப்பு பெரிது, இடைவெளி சிறிது, அதனால்தான் மைக்ரோஃபாரட் (ஃபாரட் என்பது கேப்பாசிட்டரின் கொள்ளளவுக்கான அலகு, மைக்ரோ என்றால் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில் முழு ஃபாரட் கணக்கில் பேச முடிகிறது. இந்தக் கரிக்கு விரும்பப்படும் மூலப்பொருள்களில் ஒன்று நம் வீட்டுக் கொட்டாங்குச்சி. சட்னி அரைத்த மிச்சத்தில் இவ்வளவு பெரிய தொழில் இருக்கிறது என்பது எனக்கு இன்னும் வேடிக்கையாகத்தான் இருக்கிறது. செய்யும் இடமும் இப்போது தூரமில்லை: இஸ்ரோ கொடுத்த தொழில்நுட்பத்தில் 2024-ல் கேரளத்தில் கண்ணூரில் அந்த மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் ஒரு சூப்பர் கேப்பாசிட்டர் ஆலையைத் திறந்தது.

வேதிவினை இல்லாததால் வேகமாக நிரம்பும், வேகமாகக் காலியாகும், லட்சக்கணக்கான முறை செய்தாலும் பெரிதாகத் தேயாது. சரி, அப்படியானால் பேட்டரியையே தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். எடையைப் பாருங்கள். பெரிய வண்டிகளில் வரும் 3000 ஃபாரட், 2.7 வோல்ட் கேப்பாசிட்டர் ஒன்று அரை கிலோ எடை, உள்ளே இருப்பது 3 வாட்-மணி. 45 கிராம் 18650 செல்லுக்குள் 11 வாட்-மணி. பத்தில் ஒரு பங்கு எடைகூட இல்லாத செல், மூன்று மடங்குக்கு மேல் சுமக்கிறது. அது போதாதென்று கேப்பாசிட்டரின் வோல்டேஜ் ஒரே இடத்தில் நிற்காது, சார்ஜ் இறங்க இறங்க அதுவும் நேர்கோட்டில் இறங்கும்.

ஆக, இருவருக்கும் ஒவ்வொரு குறை. நூல் மாதிரி வரும் கார்ப்பரேஷன் தண்ணீரை ட்ரம்மில் பிடித்து வைத்து, குளிக்கும்போது வாளி வாளியாக மொண்டு ஊற்றுகிறோமே, அந்த ஏற்பாடுதான் இங்கும். பேட்டரி சராசரியைக் கவனித்துக்கொள்ளட்டும், உச்சத்தைக் கேப்பாசிட்டர் பார்த்துக்கொள்ளும்.

இதில் கிடைக்கும் லாபத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். கேப்பாசிட்டர் சேர்த்தால் அதில் இருக்கும் ஆற்றலும் கூடுவதால் அதிக நேரம் ஓடும் என்று நினைக்கிறார்கள். அந்த ஆற்றல் கொசுறு, கணக்கிலேயே வராது. லாபம் வேறு இரண்டு இடத்தில். ஒன்று, அகமின்தடையில் வீணாகும் வெப்பம் கரண்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. எட்டில் ஒரு பங்கு நேரம் 2 ஆம்பியர் எடுப்பதும், எல்லா நேரமும் சீராக 0.25 ஆம்பியர் எடுப்பதும் சராசரியில் ஒன்றுதான், ஆனால் வெப்பமாகப் போவது முதல் வகையில் எட்டு மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக எட்டு வரும். இரண்டாவது லாபம் இதைவிடப் பெரியது: செல்லின் அடி வரைக்கும் போக முடியும். உச்சக் கரண்ட்டில் வோல்டேஜ் விழுவதால் பாதி சார்ஜிலேயே “பேட்டரி தீர்ந்தது” என்று அணைந்த கருவி, இப்போது மீதிப் பாதியையும் குடிக்கும். பழைய செல், குளிரில் இருக்கும் செல், காயின் செல், எதிலெல்லாம் அகமின்தடை அதிகமோ அதிலெல்லாம் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். புது 18650-ல், தடிமனான ஒயரில், ஒன்றும் தெரியாது. ஆகவே கடைக்குக் கிளம்பும் முன் ஜம்பர் ஒயரைத் தூக்கிவிட்டு, குட்டையாக, கனமான ஒயரை நேரடியாகச் சால்டர் செய்து பாருங்கள். என்னிடம் வருபவர்களில் கணிசமானவர்களுக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது, கொஞ்சம் ஏமாற்றத்தோடு போகிறார்கள்.

தீரவில்லை என்றால் இரண்டு வேறு வேலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதல் வேலை, அந்த 0.577 மில்லி விநாடி வெட்டை நிரப்புவது. 2 ஆம்பியர் அவ்வளவு நேரம் என்றால் சுமார் 1.15 மில்லி கூலும் (கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு, ஆம்பியரை விநாடியால் பெருக்கினால் வருவது). பேட்டரி எதுவுமே தரவில்லை என்று வைத்தால், 1000 மைக்ரோஃபாரட் கேப்பாசிட்டரில் அது 1.15 வோல்ட் இறக்கம், 2200-ல் 0.5 வோல்ட். பேட்டரியும் கை கொடுப்பதால் நிஜத்தில் இறக்கம் இதைவிடக் குறைவு. அதாவது இந்த வேலைக்கு நல்ல தரமான, இஎஸ்ஆர் (கேப்பாசிட்டரின் அகமின்தடை என்று எடுத்துக்கொள்ளுங்கள்) குறைந்த சாதாரண எலக்ட்ரோலிட்டிக் கேப்பாசிட்டரே பல நேரம் போதும், சூப்பர் வேண்டியதில்லை.

இரண்டாவது வேலை, முழு எஸ்எம்எஸ்ஸையும் கேப்பாசிட்டரே தாங்குவது. செல் அவ்வளவு தேய்ந்துவிட்டது, அல்லது அவ்வளவு சின்னது, அதனிடம் 50 மில்லியாம்பியருக்கு மேல் கேட்கக் கூடாது என்ற நிலை. இங்கேதான் ஃபாரட் வேண்டும். 10 ஃபாரட், 2.7 வோல்ட் கேப்பாசிட்டர் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் சுண்டுவிரலின் மேற்பாதி அளவு, 10 மில்லிமீட்டர் விட்டம், 30 நீளம். லித்தியம் செல் 4.2 வரை போகும் என்பதால் இரண்டையும் தொடராக இணைத்தே ஆக வேண்டும், கிடைப்பது 5 ஃபாரட். செல்லுக்கும் இவற்றுக்கும் நடுவில் ஒரு 10 ஓம் ரெசிஸ்டர். கேப்பாசிட்டரில் 0.4 வோல்ட் இறங்கும்போதுகூட செல்லிலிருந்து வருவது 40 மில்லியாம்பியர்தான். மாட்யூல் பத்து விநாடி சராசரியாக 250 மில்லியாம்பியர் எடுத்தால், மீதி 210-ஐக் கேப்பாசிட்டர் தரும், 2.1 கூலும், 0.42 வோல்ட் இறக்கம். அதோடு இரண்டு கேப்பாசிட்டரின் இஎஸ்ஆரும் சேர்ந்து 0.1 ஓம் என்றால் உச்சத்தில் இன்னொரு 0.2. 4.1-ல் தொடங்கினால் 3.48-ல் நிற்கும், தப்பித்தோம். 3.8-ல் தொடங்கினால்? 3.18, தப்பிக்க மாட்டோம். அப்போது 25 ஃபாரட் இரண்டாக மாற்ற வேண்டும், இறக்கம் 0.17-க்கு வந்துவிடும், பெரிய கேப்பாசிட்டரில் இஎஸ்ஆரும் பாதியாக இருக்கும், 3.7-ல் தொடங்கினாலும் 3.4-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். வேலை முடிந்ததும் ரெசிஸ்டர் வழியாக மெதுவாகத் திரும்ப நிரம்பும், 5 ஃபாரட்டுக்கு நாலு நிமிஷம், 12.5-க்குப் பத்து. மணிக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும் கருவிக்கு இது தாராளம். மாட்யூலை மற்ற நேரத்தில் தூங்க வைக்க மறக்காதீர்கள், விழித்தபடி 20 மில்லியாம்பியர் இழுத்துக்கொண்டிருந்தால் அந்த 10 ஓமில் 0.2 வோல்ட் நிரந்தரமாகப் போய்விடும்.

மேலே இஎஸ்ஆர் என்று அடிக்கடி சொல்கிறேன். கடையில் வாங்கும்போது அதுதான் முக்கியம். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிச்சி தெருவில் போய் “சூப்பர் கேப்பாசிட்டர் ஒரு ஃபாரட்” என்று கேட்டால் இரண்டு விதமான சரக்கு வரலாம். ஒன்று நீளமான உருளை, 2.7 வோல்ட். இன்னொன்று பொத்தான் மாதிரி தட்டையாக, 5.5 வோல்ட். பார்த்ததும் எல்லோரும் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள்: வோல்டேஜ் கூட, தொடராக இணைக்கும் தொல்லை இல்லை, ஃபாரட் அதே. ஆனால் அந்தப் பொத்தானின் இஎஸ்ஆர் 30 ஓம் அளவில் இருக்கும். 0.6 வோல்ட் இறக்கத்துக்குள் அதிலிருந்து எடுக்கக்கூடியது 20 மில்லியாம்பியர். 2 ஆம்பியர் கேட்கும் மாட்யூலுக்கு அதை வைப்பதும் வைக்காததும் ஒன்று. உருளையில் அது 0.1, 0.2 ஓம் கணக்கில், பெரிதாகப் போகப் போக இன்னும் குறையும்.

பொத்தான் வகை கெட்ட சரக்கு என்று சொல்லவில்லை, அது பிறந்த காரணம் வேறு. 1957-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் நுண்துளைக் கரியை வைத்து முதல் காப்புரிமை வாங்கினார்கள், அதை வைத்துப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அறுபதுகளில் சோஹியோ என்ற அமெரிக்க எண்ணெய் நிறுவனத்தின் ஆய்வகத்தில் அதே விஷயம் வேறு வடிவில் வந்தது, அவர்களும் விற்கத் தெரியாமல் ஜப்பானின் என்இசி நிறுவனத்துக்கு உரிமத்தைக் கொடுத்தார்கள். என்இசிதான் அதற்கு ஒரு வேலை கண்டுபிடித்தது: கரண்ட் போனால் கருவிகளின் மெமரி அழியாமல் காப்பது. வீட்டு எலக்ட்ரானிக் கடிகாரம் நேரத்தை மறக்காமல் இருக்க மைக்ரோஆம்பியர் கணக்கில் நாள்கணக்கில் ஒழுகினால் போதும், அதற்கு 30 ஓம் ஒரு பொருட்டே இல்லை. அந்தப் பரம்பரைதான் இன்றும் பொத்தான் வடிவில் கடையில் கிடைக்கிறது. ஆகவே ஃபாரட்டைக் கேட்கும் முன் இஎஸ்ஆரைக் கேளுங்கள். கடைக்காரர் முழித்தால் மேலே அச்சிட்டிருக்கும் பார்ட் நம்பரைப் போனில் தேடி டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டேட்டாஷீட்டே கிடைக்காத சரக்கை நான் வாங்குவதில்லை.

இந்தக் கூட்டணியை அழகாகச் செய்த இடம் எது என்று கேட்டால் நான் காஸ் மீட்டர், தண்ணீர் மீட்டர்களைத்தான் சொல்வேன். ரீடிங்கைத் தானே ரேடியோவில் அனுப்பும் மீட்டர்கள், பத்து வருஷத்துக்கு மேல் பேட்டரி மாற்றாமல் ஓட வேண்டும். உள்ளே இருப்பது லித்தியம் தயோனைல் குளோரைடு செல், 3.6 வோல்ட், சும்மா வைத்தால் வருஷத்துக்கு ஒரு சதவீத அளவில்தான் சார்ஜ் இழக்கும். ஏன் அவ்வளவு குறைவு என்றால், லித்தியத்தின் மேல் லித்தியம் குளோரைடு ஒரு தோல் போலப் படிந்து வினையைத் தடுக்கிறது. அதே தோல்தான் வில்லனும். மாதக்கணக்கில் தூங்கிய செல்லிடம் திடீரென்று கரண்ட் கேட்டால், அந்தப் படலம் உடைந்து வழிவிடும்வரை வோல்டேஜ் படுத்துவிடும். இஸ்ரேலின் டாடிரான் நிறுவனம் இந்தச் செல்லுக்குப் பக்கத்திலேயே, கேப்பாசிட்டரும் அல்லாமல் ரீசார்ஜ் பேட்டரியும் அல்லாமல் நடுவாந்தரமான ஒரு சேமிப்பானை இணைத்து ஒரே பொட்டலமாக விற்கிறது. செல் சொட்டுச் சொட்டாக அதை நிரப்பும், ரேடியோவுக்கு வேண்டியதை அது தரும், செல் தூக்கம் கலையாமலே காலம் தள்ளும்.

கைக்கருவியில் பார்க்க வேண்டுமென்றால் 2018-ல் வந்த சாம்சங் கேலக்ஸி நோட் 9-ன் எஸ் பென். ப்ளூடூத் பட்டனுக்காக பேனாவுக்குள் ஒரு சூப்பர் கேப்பாசிட்டரை வைத்தார்கள். போனுக்குள் செருகினால் 40 விநாடியில் நிரம்பும், அரை மணி நேரமோ 200 கிளிக்கோ வரும். எழுதுவதற்கு அந்தச் சார்ஜ் தேவையே இல்லை, பட்டனுக்கு மட்டும்தான். பெரிய பேட்டரி போனில், சின்ன வாளி பேனாவில், எனக்குப் பிடித்த வடிவமைப்பு. ஆனால் அடுத்த வருஷம் நோட் 10-ல் அதை எடுத்துவிட்டு லித்தியம் டைட்டனேட் பேட்டரிக்குப் போனார்கள், பத்து மணி நேரம் தாங்கும் என்றார்கள். பேனாவை வெளியே எடுத்து மீட்டிங்கில் வைத்திருப்பவருக்கு 40 விநாடியில் நிரம்புவதைவிட அரை மணியில் தீர்வதுதான் கண்ணில் படும், அதனால் மாற்றியது நியாயம்தான் என்று படுகிறது.

இனி இணைக்கும்போது வரும் தொல்லைகள். காலியான சூப்பர் கேப்பாசிட்டர் பேட்டரியின் கண்ணுக்கு ஷார்ட் சர்க்யூட்தான். டிபி4056 போர்டின் அவுட்புட்டில் அதை நேரடியாக வைத்தால், போர்டில் இருக்கும் டிடபிள்யூ01 பாதுகாப்புச் சிப் “ஷார்ட்” என்று முடிவு செய்து கதவை மூடிவிடும். ஷார்ட்டை எடுத்தால்தான் திறக்கும், கேப்பாசிட்டரோ காலியாகவே அங்கே உட்கார்ந்திருக்கும், எனவே திறக்காது. போர்டு எரிந்துவிட்டது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சார்ஜர் கேபிளைச் செருகினால் பெரும்பாலும் எழுந்துவிடும். நாம் மேலே வைத்த 10 ஓம் இருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, தொடக்கக் கரண்ட் 0.42 ஆம்பியரைத் தாண்டாது. ஆனால் அந்த முதல் நொடியில் ரெசிஸ்டரில் 1.7 வாட் வெப்பம் வரும், கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கையைச் சுடும், அப்புறம் கருகும். 2 வாட் போடுங்கள்.

தொடராக இணைத்த இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. கசிவு குறைவாக உள்ளதன் மேல் நாளடைவில் வோல்டேஜ் கூடிக்கொண்டே போகும், 2.7-ஐத் தாண்டினால் ஆயுள் சரசரவெனக் குறையும், வீங்கும். ஒவ்வொன்றின் குறுக்கேயும் ஒரே அளவு ரெசிஸ்டர் வைத்துச் சமன் செய்வது எளிய வழி. ஆனால் 10 கிலோ ஓம் இரண்டு வைத்தால் 0.21 மில்லியாம்பியர் எந்நேரமும் ஒழுகும், மாதத்துக்கு 150 எம்ஏஎச், தண்டச் செலவு. 4.2 வோல்ட்டை இருவர் பங்கிட்டால் ஆளுக்கு 2.1தான், 2.7 வரை இடம் இருக்கிறது, ஆகவே 100 கிலோ ஓம் அளவில் வைத்தால்கூடப் பெரும்பாலும் சமாளிக்கலாம். கேப்பாசிட்டரின் சொந்தக் கசிவும் உண்டு, ஒரு ஃபாரட்டுக்குச் சில மைக்ரோஆம்பியர். 18650-க்கு இது ஒன்றுமில்லை. சி.ஆர்.2032 காயின் செல்லில் ஓடும் கருவிக்கு 5 மைக்ரோஆம்பியர் கசிவு என்றால் வருஷத்தில் 44 எம்ஏஎச், செல்லின் மொத்தமே 220 சொச்சம்தான். ஐந்தில் ஒரு பங்கு வாடகைக்கே போகிறது. காயின் செல்காரர்களுக்கு இன்னொன்று: அது புதிதாக 3 வோல்ட்டுக்கு மேலேயே இருக்கும், 2.7 வோல்ட் கேப்பாசிட்டர் ஒன்றைத் தனியாக அதன் குறுக்கே வைக்காதீர்கள்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு யாராவது கேட்கப்போகும் கேள்விக்கு இப்போதே பதில். பவர்பேங்கில் வைக்கலாமா, எல்இடி டார்ச்சில் வைக்கலாமா, யுஎஸ்பி குட்டி ஃபேனில் வைக்கலாமா? வைக்கலாம், ஒரு பிரயோஜனமும் இருக்காது. அவை எல்லாம் ஒரே சீராகக் கரண்ட் எடுப்பவை, உச்சமும் சராசரியும் ஒன்றுதான், கேப்பாசிட்டருக்கு அங்கே வேலை இல்லை. சரி, போனில்? அங்கே உச்சம் இருக்கிறது, ஐபோன் கதையே சாட்சி. கூடுதலாக 5 வாட் இரண்டு விநாடி வேண்டும் என்று வையுங்கள், 10 ஜூல். 4.2-லிருந்து 3.6 வரைதான் இறங்கவிட முடியும் என்றால் 4.3 ஃபாரட் வேண்டும், தொடராக இரண்டு என்பதால் ஒவ்வொன்றும் 8.6 ஃபாரட். மேலே சொன்ன 10 மில்லிமீட்டர் உருளைகள் இரண்டு. போனின் கனமே 7, 8 மில்லிமீட்டர். தட்டையாகச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பேட்டரியை வைத்தால் விளம்பரத்தில் எம்ஏஎச்சைக் கூட்டிக் காட்டலாம், எந்த போன் கம்பெனி விடும்?